சீட்டா, அட்டவணையா, நிரலா? தற்செயல் கவிதைக்கு எந்த வழி

கவிதையின் ஒரு பங்கைத் தற்செயலிடம் விட்டுப் பார்க்க நினைப்பவர் முன் இன்று பல வழிகள் இருக்கின்றன. அச்சடித்த தாளைக் கத்தரித்துக் குலுக்கிப் போடலாம். அகராதியில் ஏழு சொல் தள்ளி எடுக்கலாம். மாற்றிப் பொருத்தத்தக்க வரிகளை எழுதிவைத்துப் பகடை உருட்டலாம். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது என்று எண்ணும் கணினி நிரலை ஓட்டலாம். சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரியிடமும் கேட்கலாம். எது புதியது, எது எளிது என்று பார்த்துத் தேர்ந்தால் பாதி வழியில் அலுத்துவிடும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த அளவுத் துண்டைத் தற்செயலின் கையில் கொடுக்கிறோம் என்பதுதான். எழுத்தா, சொல்லா, தொடரா, முழு வரியா?

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தக் கேள்வி கூடுதலாக உறுத்தும். ‘வந்திருக்கமாட்டாள்’ என்று ஒரு சீட்டு கையில் வந்தால் அதில் காலம், எதிர்மறை, பால், எண், இடம் எல்லாம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அதன் பக்கத்தில் ‘நாற்காலி’ விழுந்தால் அது வியப்பைத் தராது, பிழையாகத்தான் தெரியும். ஆகவே பிற மொழிக்காரர்கள் சொன்ன செய்முறையை அப்படியே எடுத்தால் சரிவராது. வெட்டும் இடத்தைத் தமிழுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

கத்தரியும் பையும்

கலை மரபுகளை உடைக்க முனைந்த டாடா இயக்கத்தின் டிரிஸ்டன் சாரா 1920இல் தந்த செய்முறை எல்லோருக்கும் தெரிந்தது: நாளிதழ்க் கட்டுரை ஒன்றை எடு, சொல் சொல்லாக வெட்டு, பையில் போட்டு மெல்லக் குலுக்கு, வந்த வரிசையில் எழுது. 1959இல் பிரையன் கைசின் தாளையே நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வெட்டி மாற்றி ஒட்டும் முறையைத் தொடங்கினார். வில்லியம் பரோஸ் அதை உரைநடைக்குக் கொண்டுபோனார்.

தமிழில் செய்ய 150 முதல் 200 சொல் கொண்ட உரைநடைப் பகுதி ஒன்று போதும். 16 புள்ளி எழுத்தில், இரட்டை வரி இடைவெளியில் அச்செடுத்தால்தான் கத்தரி மேல்விலங்கையோ கீழ்விலங்கையோ கடிக்காது. வெட்டும்போது நான்கு விதிகள். பெயரெச்சத்தை அடுத்த பெயரோடு சேர்த்தே ஒரே சீட்டாக வெட்ட வேண்டும். ‘நனைந்த’ தனியாக வந்தால் அடுத்து ஒரு வினை விழ, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். துணைவினையைத் தலைமை வினையிலிருந்து பிரிக்கக் கூடாது. ‘வீட்டைக்’, ‘ஊருக்குப்’ போன்றவற்றின் கடைசி ஒற்றைக் கத்தரியாலேயே நறுக்கி எறிந்துவிட வேண்டும். புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்பதால் இது எளிது. வரிசை அமைந்தபின், அடுத்த சொல்லைப் பார்த்து உரிய ஒற்றைக் கையால் எழுதிக்கொள்ளலாம். நான்காவது, ‘என்று’, ‘தெரிவித்தார்’, ‘கூறினார்’ ஆகியவற்றை முதலிலேயே குப்பையில் போடுங்கள். செய்தித் தமிழின் வாடை இந்த மூன்றில்தான் இருக்கிறது. நாற்பது சீட்டு எடுக்கும்போது இவற்றில் இரண்டு வந்துவிட்டால் மீதி முப்பத்தெட்டுச் சீட்டும் செய்தி அறிக்கையாகவே ஒலிக்கும்.

வாக்கியத்துக்கு ஏறத்தாழ 11 சொல் என்று வைத்தால் 200 சொல்லில் 18 முற்றுவினை இருக்கும். நாற்பது சீட்டு எடுத்தால் சராசரியாக மூன்று நான்கு முற்றுவினை வரும். ஒரு சிறு கவிதைக்கு அது சரியான அளவு. கருவிக் கையேடு போலச் சிறு வாக்கியங்களால் ஆன உரையில் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும். கவிதை கட்டளைகளின் வரிசையாகிவிடும். அப்போது முற்றுவினைச் சீட்டுகளில் பாதியை வெளியே எடுத்து வையுங்கள். வரி எங்கே முறிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை பகடை உருட்டி, விழுந்த எண்ணளவு சீட்டு என்று வைத்தால் நீளம் தானாக ஏறி இறங்கும்.

கைசினின் நான்கு துண்டு முறை தமிழில் அவ்வளவு சுகப்படாது. நம் சொற்கள் நீளமானவை. வரிக்கு மூன்று நான்கு சொல் உள்ள நாளிதழ்ப் பத்தியைச் செங்குத்தாக வெட்டினால் பெரும்பாலான வரிகளில் கத்தரி சொல்லுக்குள்ளேயே பாயும். வரிக்கு ஏழெட்டுச் சொல் ஓடும் புத்தகப் பக்கம் என்றால் கொஞ்சம் தேறும்.

இந்த வழியில் உழைப்பெல்லாம் பின்னால்தான். வெட்டக் குலுக்க ஒரு மணி நேரம். வந்ததிலிருந்து எதை வைப்பது என்று முடிவெடுக்க ஒரு நாள். ஆகவே குலுக்கும் முன்பே திருத்தவிதியைத் தாளில் எழுதிவிடுவது நல்லது: உருபையும் ஒற்றையும் மட்டும் மாற்றலாம், ஐந்து சீட்டுவரை தள்ளலாம், வரிசையைத் தொடக் கூடாது என்பது போல. விதி இல்லாவிட்டால் மெல்ல மெல்ல நம் வழக்கமான கவிதையையே திரும்ப எழுதிவிடுவோம்.

அகராதியும் விதைச்சொல்லும்

ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் 1960இல் தொடங்கிய, விதி வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கும் ஊலிப்போ குழுவில் ழான் லெஸ்க்யூர் முன்வைத்தது ‘பெயர் கூட்டல் ஏழு’. ஒரு பத்தியின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எடுத்துவிட்டு, அகராதியில் அதற்கு ஏழாவதாக வரும் பெயரை வைக்க வேண்டும். கண்டிப்பாகச் சொன்னால் இதில் தற்செயலே இல்லை. விதியும் அகராதியும் சேர்ந்து தற்செயல் போன்ற ஒன்றை உண்டாக்குகின்றன.

தமிழில் முடிவைத் தீர்மானிப்பது அகராதியின் பருமன். லட்சம் சொல்லுக்கு மேல் கொண்ட பேரகராதியில் ‘கடல்’ தொடங்கி ஏழு தள்ளினாலும் கடலடியாகப் பிறந்த தொகைச்சொல் எதிலாவதுதான் போய் நிற்போம்; வாக்கியம் நகரவே நகராது. இரண்டாயிரம் மூவாயிரம் அன்றாடப் பெயர்களைக் கொண்ட சிறு பட்டியல்தான் வேலை செய்யும். ஒரு துண்டுப் பட்டியலை வைத்தே பார்க்கலாம்:

கடல், கடன், கடிகாரம், கடிதம், கடிவாளம், கடுகு, கடை, கண்.

மழை, மறதி, மனம், மாடம், மாலை, மிளகு, முகம், முகவரி.

‘கடலில் மழை பெய்தது’ என்ற தொடர் இந்தப் பட்டியலின்படி ‘கண்ணில் முகவரி பெய்தது’ ஆகிறது. வினையைத் தொடவில்லை, வேற்றுமை உருபைத் தொடவில்லை. அதனால்தான் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. ‘கடலில்’ என்பதைக் ‘கடல்’ என்று உரித்துத் தேடி, கிடைத்த ‘கண்’ணுக்கு மீண்டும் ‘இல்’ பூட்டினோம். அந்த உரித்தலும் பூட்டலும்தான் இம்முறையில் உண்மையான வேலை.

பட்டியலைக் கணினியில் வரிசைப்படுத்தும்போது ஒரு பொறி உண்டு. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்ணின் வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. அங்கே ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தே வருகிறது, ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்து, ‘ழ’வோ ‘ள’வுக்குப் பின்னால். எண் வரிசையில் அடுக்கும் நிரலில் மேற்கண்ட பட்டியல் ‘மனம், மறதி, மழை’ என்று தலைகீழாகிவிடும். ஏழாவது சொல்லும் இரண்டிடம் தள்ளிப் போய்விடும். கவிதை கெட்டுவிடாது. ஆனால் இன்னொருவர் அதே விதியைப் பின்பற்றினால் வேறு விடை வரும். தமிழ் அகரவரிசை அறிந்த மென்பொருளில் அடுக்குங்கள், அல்லது எந்த வரிசை என்று குறித்து வையுங்கள்.

அமெரிக்கக் கவிஞர் ஜாக்சன் மக் லோவின் விதைச்சொல் முறை இதைவிடத் தமிழுக்கு நெருக்கமானது என்பது எங்கள் கட்சி. ஒரு விதைச்சொல்லை எடுத்துக்கொண்டு மூலநூலைத் தொடக்கத்திலிருந்து படித்துப்போக வேண்டும். விதையின் முதலெழுத்தை முதலிடத்தில் கொண்ட சொல்லை எடுக்க வேண்டும். பிறகு விதையின் இரண்டாமெழுத்தை இரண்டாமிடத்தில் கொண்ட சொல், அடுத்து மூன்றாமெழுத்தை மூன்றாமிடத்தில் கொண்ட சொல். விதை ‘கடல்’ என்றால் ‘கதவு, கூடம், வெயில்’ என்று கிடைக்கலாம். மூன்றே சொல், ஒரு வீடு வந்துவிட்டது. இரண்டாமெழுத்தில் காதை வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. எதுகை நிற்கும் இடமே அதுதானே. சிக்கல் என்னவென்றால் உயிர்மெய் முழுதாகப் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ‘ழை’, ‘ஞ்’ போன்ற எழுத்துகளுக்குப் பக்கக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். மெய் ஒத்தால் போதும், உயிர் எதுவாயினும் சரி என்று தளர்த்திக்கொண்டால் நடை சீராகும்.

மாற்றி வைக்கும் வரிகள்

கெனோ 1961இல் பத்து சானெட்டுகளை வரி வரியாகக் கீறிய பட்டைகளாக அச்சிட்டார். பதினான்கு வரிகளில் ஒவ்வொன்றுக்கும் பத்துத் தேர்வு. மொத்தம் பத்தின் அடுக்கு பதினான்கு, அதாவது நூறு லட்சம் கோடிக் கவிதைகள். நிமிடத்துக்கு ஒன்று என்று தூங்காமல் படித்தாலும் சுமார் 19 கோடி ஆண்டுகள் ஆகும். அச்சிட்டு வெளியிடத்தக்க ஒன்று வேண்டும் என்போருக்கு இந்த வழியையே முதலில் சொல்வோம். ஒவ்வொரு வரியும் மனிதர் எழுதியது. தற்செயலுக்கு விடப்படுவது வரிகளின் சேர்க்கை மட்டுமே. சொல்லுக்கும் உருபுக்கும் சண்டை வர வழியே இல்லை, சில விதிகளை மதித்தால்.

சிறிய அளவில் ஒன்று:

முதல் வரி: மூடிய கதவின் அருகில் / பாதி நனைந்த படியில் / ஆளில்லாத் தெருவின் முனையில்

இரண்டாம் வரி: யாரோ விட்டுச்சென்ற குடை / நேற்றைய நாளிதழ் / பெயர் தெரியாப் பறவை

மூன்றாம் வரி: மழை நிற்கும்வரை / எவரும் கேட்காதபோது / விளக்கு அணைந்த பிறகு

நான்காம் வரி: தன்னைத் தானே எண்ணிக்கொள்கிறது / மெல்ல மடிகிறது / வழி கேட்கிறது

பன்னிரண்டு வரி எழுதினோம். மூன்றின் அடுக்கு நான்காக 81 கவிதைகள். ‘பாதி நனைந்த படியில் / நேற்றைய நாளிதழ் / எவரும் கேட்காதபோது / வழி கேட்கிறது’ என்பது அதில் ஒன்று. எங்கே உடையும் என்று சோதிக்க இரண்டாம் வரியில் ‘காவல்காரன்’ என்று ஒரு தேர்வைச் சேர்த்துப் பாருங்கள். நான்காம் வரியின் மூன்று தேர்வும் ஒரே நேரத்தில் பிழையாகிவிடும். ‘குடைகள்’ என்றாலும் இதே கதை. எழுவாய்கள் அனைத்தும் அஃறிணை ஒருமை, முற்றுவினை கடைசி வரியில் மட்டும், சுட்டுப்பெயரும் ‘அவள்’, ‘அவன்’னும் கூடாது, வரி முடிவிலும் தொடக்கத்திலும் ஒற்று மிகும் இடம் வராதபடி பார்க்க வேண்டும். இந்த நான்கையும் கடைப்பிடித்தால் 81இல் ஒன்றுகூட இலக்கணம் மீறாது.

பகடையோடு ஆட வேண்டுமானால் வரிக்கு ஆறு தேர்வு வையுங்கள்: 24 வரி, 1,296 கவிதைகள். இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்க்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. கூட்டுத்தொகை 7 விழ 36இல் ஆறு வாய்ப்பு, 2 விழ ஒன்றே ஒன்று. பட்டியலின் நடுவிலுள்ள வரிகளே திரும்பத் திரும்ப வரும். இரண்டு பகடை வேண்டுமென்றால் முதலாவதைக் கிடைவரிசையாகவும் இரண்டாவதை நெடுவரிசையாகவும் கொண்டு 36 கட்டங்களில் ஒன்றைத் தேருங்கள்.

எதுகையும் வேண்டும் என்பவர் தயங்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. எந்த வரியும் எந்த வரியோடும் சேரும் என்பதால் 24 வரிக்கும் ஒரே இரண்டாமெழுத்து வர வேண்டும், முதலெழுத்தின் குறில் நெடிலும் ஒத்திருக்க வேண்டும். இரண்டாம் எழுத்தாக ட, ர, ல போல வளமான வரிசையை எடுத்தால் எழுதி முடிக்கலாம். ங, ஞ பக்கம் போகவே வேண்டாம்.

அதே அட்டவணை, கணினியில்

கணினிக் கவிதையின் தொடக்கமே இப்படிப்பட்ட அட்டவணைதான். 1952இல் மான்செஸ்டரில் கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி எழுதிய நிரல் காதல் கடிதங்களைத் தட்டெழுதி, பல்கலைக்கழகக் கணினியின் பெயர்ச்சுருக்கத்தோடு கையெழுத்தும் போட்டது. 1959இல் தியோ லுட்ஸ், காஃப்காவின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்த 16 எழுவாயையும் 16 பயனிலையையும் சூசே நிறுவனத்தின் இசட் 22 கணினியில் கோத்தார். 1967இல் ஆலிசன் நோல்ஸ், ஜேம்ஸ் டென்னியின் துணையோடு ஃபோர்ட்ரானில் செய்த படைப்பில் பட்டியல்கள் நான்கே: வீட்டின் கட்டுமானப் பொருள், இடம், வெளிச்சம், குடியிருப்போர்.

நிரல் எழுதத் தெரியாதவருக்கு விரிதாளே போதும். பத்திக்கு ஒரு வரிநிலை, கட்டத்துக்கு ஒரு தேர்வு, பக்கத்தில் தற்செயல் எண் தரும் சூத்திரம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்வு செய்தால் ஆறு தேர்வுள்ள இடத்தில் முந்தைய வரியே மறுபடி வர ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வாசகருக்கு அது கோளாறாகத் தெரியும். பட்டியலைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, தீரும்வரை ஒவ்வொன்றாக எடுத்து, தீர்ந்ததும் மறுபடி கலையுங்கள். பையிலிருந்து எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமலிருப்பதற்குச் சமம் அது.

திரையில் ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கும் கவிதைக்கும் இதே வழிதான். நிக் மான்ட்ஃபோர்ட் 2009இல் எழுதிய சிறு நிரலை எடுத்துப் பலர் சொற்பட்டியலை மட்டும் மாற்றித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆனால் ஓடும் கவிதைக்குப் பட்டியல் பெரியதாக வேண்டும். இடத்துக்கு ஆறு சொல் என்றால் இரண்டு நிமிடத்தில் வாசகர் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். முப்பது நாற்பது இருந்தால்தான் தாங்கும்.

எண்ணிப் பார்த்துத் தொடரும் நிரல்

1913இல் ஆந்திரேய் மார்க்கவ், புஷ்கினின் செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்தை எடுத்து, உயிருக்குப் பின் மெய்யும் மெய்க்குப் பின் உயிரும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினார். 1948இல் கிளாட் ஷானன் இதைப் புத்தகத்தையே கருவியாக்கிச் செய்து காட்டினார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லை எடு. வேறு பக்கத்தைத் திறந்து அதே சொல் வரும்வரை படி. அதற்கு அடுத்த சொல்லை எழுது. அந்தச் சொல்லைத் தேடி மறுபடி வேறு பக்கம். கணினியே வேண்டாம்.

தமிழ்ப் புத்தகத்தில் முயன்றால் மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிடும். ‘மரத்தடியிலிருந்து’ என்ற வடிவம் மறுபடி வர எத்தனை பக்கம் புரட்டுவது? நிரலிலும் இதே நோய் வேறு முகத்தோடு வரும். பத்தாயிரம் சொல் கொண்ட தமிழ் உரையில் பாதிக்கு மேற்பட்ட சொல்வடிவங்கள் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கும். ஒருமுறை மட்டும் வந்த சொல்லுக்கு அடுத்த சொல் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதனால் நிரல் மூல உரையை வரி மாறாமல் ஒப்பிக்கத் தொடங்கும். ‘அற்புதமாக எழுதுகிறதே’ என்று மகிழ்ந்து, பிறகு பார்த்தால் மூலத்தின் மூன்றாம் பத்தி. மற்றவர் எழுத்தை மூலமாகக் கொண்டிருந்தால் இது திருட்டாகவும் ஆகிவிடும். வந்த வரிகளில் ஆறு சொல்லுக்கு மேல் தொடர்ச்சியாக மூலத்தில் இருப்பவற்றைத் தேடி நீக்குங்கள்.

மருந்து இரண்டு. மூலத்தைப் பெரிதாக்குவது ஒன்று. அடுத்த சொல்லை ஒரு சொல்லை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கவே ஐம்பதாயிரம் சொல்லாவது வேண்டும். மற்றது உருபைத் தனிச் சொல்லாகப் பிரித்து எண்ணுவது: ‘மரம்’, ‘இல்’, ‘காற்று’. மீண்டும் சேர்க்கச் சில விதிகள் பெரும்பாலான பெயர்களுக்குப் போதும். ‘அம்’ ஈறு ‘அத்து’ ஆகும்: மரத்தில். டு, று ஈறு பெரும்பாலும் இரட்டிக்கும்: வீட்டில், ஆற்றில். உகரம் கெடும்: கதவில். இ, ஐ ஈற்றின்பின் யகரம் தோன்றும்: மழையில். தனிக்குறில் முன் ஒற்று இரட்டும்: கண்ணில். மீதியை விதிவிலக்குப் பட்டியலில் போடலாம்.

எழுத்தளவில் எண்ணுவோருக்கு வேறு தொல்லை. கணினிக்கு ‘கி’ ஓர் எழுத்தல்ல. ககரமும் கொக்கியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். முந்தைய மூன்று எழுத்தைப் பார்த்து அடுத்ததை எடு என்று கட்டளையிட்டால், நிரல் உண்மையில் பார்ப்பது ஒன்றரை எழுத்தாக இருக்கலாம். வெளியே வருவது உளறல். உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள மெய்யோடு ஒட்டி, முழு எழுத்துகளாகப் பிரித்தபின் எண்ணத் தொடங்குங்கள். வரியைத் தலைகீழாக்கும் சோதனைகளில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் மாலைமாற்று எழுத்தை அலகாகக் கொண்டது. சாதாரணத் தலைகீழ் கட்டளையிடம் ‘யாமா’வைக் கொடுத்தால் முதலில் ஒரு துணைக்கால் அநாதையாக வந்து நிற்கும்.

இந்த வழி யாருக்கு? தம் சொந்த எழுத்து நிறைய வைத்திருப்பவருக்கு. பத்தாண்டு நாட்குறிப்பை ஊட்டினால், தமக்கே தெரியாத பழக்கச் சொற்கள் வெளியே வந்து பல்லிளிக்கும். மற்றவர்களுக்கு உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு.

மொழி மாதிரிகள்

இவையும் அடுத்த துண்டை நிகழ்தகவால் எடுப்பவைதான். ஆனால் வழக்கமான அமைப்பில் மிகவும் எதிர்பார்க்கத்தக்கதை நோக்கியே சாயும். நிலா, மௌனம், காயம் என்று தேய்ந்த தடத்திலேயே ஓடும். வெப்பநிலை என்ற அளவை உயர்த்தினால் தற்செயல் கூடும். தமிழில் அங்கேதான் இடி. ஒரு தமிழ்க் குறியீடு கணினியில் மூன்று பைட்டுகளாகப் பதிகிறது. பல மாதிரிகள் தமிழ்ச் சொல்லைச் சிறு சிறு துணுக்குகளாக உடைத்தே கையாளுகின்றன. வெப்பநிலை ஏறும்போது பொருள் தாவுவதற்கு முன்பே எழுத்துக்கூட்டு சிதறத் தொடங்கிவிடும். தற்செயலைத் தேடுபவருக்கு இது கடைசித் தேர்வு. அட்டவணையின் ஓர் இடத்துக்கு நாற்பது அஃறிணைப் பெயர் வேண்டும் என்பது போன்ற எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் முதலில் வரும் பத்தை அடித்துவிட்டுப் படியுங்கள்.

எடுத்து வைப்பது

எந்த வழியானாலும் வந்ததை மீட்டெடுக்க முடிய வேண்டும். சீட்டு முறையில் ஒட்டுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். ஒரு தும்மல் போதும். பகடை முறையில் விழுந்த எண்களைக் கவிதையின் அடியில் எழுதினால் போதும்: 4-1-6-2. நிரலில் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் வித்து எண் ஒன்றை நீங்களே கொடுத்து, அதைக் கவிதையோடு சேமியுங்கள். அதே வித்து, அதே பட்டியல், அதே நிரல் பதிப்பு இருந்தால் அதே கவிதை மறுபடி வரும். பட்டியலில் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தாலும் பழைய வித்து வேறு கவிதையைத் தரும். ஆகவே பட்டியலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரில் நாளைச் சேர்த்துப் புதிதாகச் சேமிக்க வேண்டும்.